திருவள்ளூர் வரை ஓர் ஆல்பம்

நாற்பத்தாறு வயதில் நான் என் புருஷனிடம் பொய் சொல்ல ஆரம்பித்தேன். பாட்டுக் கேட்பதற்காக.

இதைக் கேட்டவர்கள் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வால்வு செய்கிற ஒரு கம்பெனியில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். தரப் பரிசோதனைப் பிரிவு. வால்வுக்குள் தண்ணீரை அழுத்தி ஏற்றி, எங்கேயாவது கசிகிறதா என்று பார்த்து, கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். வீடு ஆவடியில். புருஷனுக்கு ராணுவ வண்டிகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை, அதனால் குவார்ட்டர்ஸ். ஒரே மகள், ப்ளஸ் டூ படிக்கிறாள்.

எல்லாம் ஒரு மதியச் சாப்பாட்டில் ஆரம்பித்தது. கேன்டீன் மேஜையில் நாங்கள் ஆறேழு பேர். டிசைன் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த ஓர் இளைஞன் எதிரே உட்கார்ந்திருந்தான். கழுத்தில் எப்போதும் பெரிய ஹெட்ஃபோன் தொங்கும். நான் டப்பாவைத் திறந்துகொண்டே ஏதோ முணுமுணுத்திருக்கிறேன் போல.

"அக்கா, நீங்க என்ன மியூசிக் கேப்பீங்க?" என்றான்.

"சினிமாப் பாட்டு கேப்பேன். சர்ச் பாட்டு. காலைல சமைக்கும்போது எஃப்எம் ஓடும்."

சிரித்தான். "அது கேக்கறது இல்லக்கா. அது பாட்டுக்கு ஓடிக்கினு இருக்கும், நீங்க பாட்டுக்கு வேல பாத்துக்கினு இருப்பீங்க. நான் கேட்டது, ஒக்காந்து கேக்கறது."

ஸ்டோர்ஸில் வேலை பார்ப்பவர் குறுக்கே விழுந்தார். "அக்காவுக்கு எதுக்குப்பா அதெல்லாம்? அக்காவுக்கு ஜெபப் பாட்டு போதும்." மேஜையே சிரித்தது. நானும் சிரித்தேன். அதை நினைத்தால்தான் இப்போதும் வயிறு எரிகிறது. நான் ஏன் சிரித்தேன்?

எங்கள் சர்ச் பாடகர் குழுவில் இருபத்திரண்டு வருடமாக ஆல்டோ பாடுகிறேன். ஆல்டோ என்றால் பெண்களில் கீழ்க்குரல். மெட்டு எங்களுக்கு வராது. மெட்டு மேலே போகும், நாங்கள் அதற்கு அடியில் நின்று தாங்க வேண்டும். நாங்கள் பாடுவது யார் காதிலும் தனியாக விழாது. நாங்கள் நிறுத்தினால் மட்டும் என்னவோ குறைகிறதே என்று எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு பாட்டில் நாலு குரல் போனால் நாலையும் பிரித்துக் கேட்கிற காது எனக்கு. அந்த மேஜையில் ஒருத்தருக்கும் அது கிடையாது. ஆனால் சிரிப்பு என்னைப் பார்த்துத்தான்.

கை கழுவும் இடத்தில் அவனைப் பிடித்தேன். "ஒக்காந்து கேக்கற பாட்டு எதுன்னு எழுதிக் குடு."

அன்று சாயங்காலமே போனுக்கு வந்தது. வெளிநாட்டுப் பத்திரிகை ஏதோ ஒன்று தொகுத்த பட்டியல். கட்டாயம் கேட்க வேண்டிய நூறு ஆல்பங்கள். அதன் கீழே அவனே எழுதியிருந்தான்: 'முதல்ல இருந்து கடைசி வரைக்கும் வரிசையா கேக்கணும்க்கா. நடுவுல நிறுத்தக் கூடாது. வேற வேல பாக்கக் கூடாது.'

பட்டியலைப் படித்ததுமே இன்னொரு கோபம். முக்கால்வாசி இரண்டே தேசத்துக்காரர்கள். மீதி உலகம் முழுவதற்கும் ஒரு மூலையில் இடம். நம் நாட்டிலிருந்து ஒன்றே ஒன்று, அதுவும் வாத்தியம். தமிழில் யாராவது வாய் திறந்து பாடியிருக்கிறார்கள் என்பதே அதைத் தொகுத்தவர்களுக்குத் தெரியாது. தூக்கிப் போட்டிருக்கலாம். போடவில்லை. அதில் என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பிறகு திட்டலாம் என்று நினைத்தேன். நூறையும் கேட்டு முடித்துவிட்டு, அதே கேன்டீன் மேஜையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பேச வேண்டும். அப்படி ஒரு வீம்பு.

முதல் ஆல்பம் முப்பத்தெட்டு நிமிடம். சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குக் கட்டிலில் உட்கார்ந்து இயர்ஃபோனை மாட்டினேன். இரண்டாவது பாட்டில் மகள் வந்து தோளைத் தட்டினாள். "அம்மா, என் வெள்ள சுடிதார் எங்க?" சொன்னேன். மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது பாட்டில் புருஷன் கதவருகே நின்று உதட்டை அசைத்தார். கழற்றினேன். "தண்ணி கேன் வந்திருக்கு, காலி கேன் எத்தன குடுக்கணும்?" மறுபடி முதலிலிருந்து. அப்புறம் பக்கத்து பிளாக் அம்மா வந்தாள், கறிவேப்பிலை. அப்புறம் கேஸ் வந்தது.

மறு சனிக்கிழமையும் அப்படித்தான். துணி எடுக்கப் போகிற சாக்கில் மொட்டை மாடிக்குப் போனேன். கீழேயிருந்து கூப்பிட்டார்கள். ஒரு தடவை குளியலறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து கேட்டேன். பத்தாவது நிமிடம் மகள் கதவை இடித்தாள். "உள்ள என்னம்மா பண்ற? உடம்பு சரியில்லையா?"

நாலு வாரம். அந்த முதல் ஆல்பத்தில் நாலாவது பாட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. கல்யாணமாகி இருபது வருடத்தில் முதல் முறையாக ஒன்று உறைத்தது. விழித்திருக்கும் நேரத்தில் தொடர்ந்து நாற்பது நிமிடம் நான் எனக்கென்று உட்கார்ந்ததே இல்லை. சர்ச்சில்கூடப் பிரசங்கத்தின்போது மகளுடைய மருந்தையும் மத்தியானக் குழம்பையும்தான் யோசித்துக்கொண்டிருப்பேன். என் வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. குடிப்பவர், அடிப்பவர் என்று யாராவது இருந்தால் கை நீட்டிக் காட்டலாம். காலி கேன் எத்தனை என்று கேட்டவரைக் காட்டி என்ன சொல்வது?

ரயில் தற்செயலாகத்தான் அமைந்தது. சாயங்காலம் அம்பத்தூர் பிளாட்பாரத்தில் ரயிலுக்காகப் பத்து நிமிடம் நிற்க வேண்டும், அங்கிருந்து ஆவடிக்குப் பன்னிரண்டு நிமிடம். அன்று பிளாட்பாரத்திலேயே ஓர் ஆல்பத்தைப் போட்டுவிட்டேன். ஒரு ஆள் டிரம்பெட் வாசிக்கிறார், பாட்டே கிடையாது. அவர் வாசிப்பதைவிட வாசிக்காமல் விடுவது அதிகம். ஒரு சுரத்தை ஊதிவிட்டு, அடுத்தது எங்கே வரும் என்று நம்மைக் காக்க வைத்து, அங்கே வராமல் வேறெங்கோ வருவார். பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்திருந்தது. ஆவடி வந்தது. கடைசி உருப்படி அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. பக்கத்தில் இருந்தவள் முழங்காலை ஒதுக்கிக்கொண்டு வழிவிட்டாள். நான் எழுந்திருக்கவில்லை.

ரயில் நகர்ந்தது. இந்துக் கல்லூரி, பட்டாபிராம், நெமிலிச்சேரி எல்லாம் பின்னால் போயின. திருநின்றவூர் வரும்போது அந்த டிரம்பெட் தேய்ந்து நின்றது. இறங்கி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒன்றை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை கேட்டிருந்தேன். நடுவில் வந்த ஒரு சின்ன மெட்டு கடைசியில் தலைகீழாகத் திரும்பி வந்ததை என் காது கண்டுபிடித்திருந்தது. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. எதிர்ப் பிளாட்பாரத்துக்குப் போய்த் திரும்பி வரும் ரயிலைப் பிடித்தேன். வீட்டுக்கு வர முக்கால் மணி நேரம் தாமதம்.

"ஏன் லேட்டு?" என்றார் புருஷன்.

"எக்ஸ்போர்ட் ஆர்டர். இனிமே வாரத்துல ரெண்டு மூணு நாள் ஆவும்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் தலையாட்டிவிட்டு டிவி பக்கம் திரும்பினார். கம்பெனிக்காக ஒரு மணி நேரம் என்றால் கேள்வியே இல்லை.

அதற்குப் பிறகு ஆல்பங்களை நான் ஸ்டேஷன் கணக்கில்தான் பார்த்தேன். சின்ன ஆல்பம் என்றால் வேப்பம்பட்டு. கொஞ்சம் நீளம் என்றால் செவ்வாய்ப்பேட்டை, புட்லூர். நாற்பதைத் தாண்டினால் திருவள்ளூர். பயணச் சீட்டு இல்லாமல் போகிற தைரியம் எனக்குக் கிடையாது. சீசன் டிக்கெட்டை வழக்கமாக அவர்தான் எடுத்துத் தருவார். அந்த முறை நானே கவுன்ட்டரில் நின்று, அம்பத்தூரிலிருந்து திருவள்ளூர் வரை எடுத்துக்கொண்டேன்.

கேட்டதெல்லாம் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். உலகமே கொண்டாடுகிறது என்று போட்டிருந்த ஒன்பதாவது ஆல்பத்தில் நாலு ஆண்கள் நாற்பது நிமிடம் தங்களைப் பற்றியே அழுதார்கள். புட்லூர் வரை பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். இன்னொன்று முழுக்க இயந்திரச் சத்தம். எட்டு மணி நேரம் கம்ப்ரஸருக்குப் பக்கத்தில் நிற்கிறவளுக்கு இதை வேறு கேட்க வேண்டுமா என்று எரிச்சலாக வந்தது. ஆனால் மறுநாள் வேலையில் கம்ப்ரஸர் ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டு நின்றேன். அதற்கும் ஒரு தாளம் இருந்தது. பதினெட்டு வருடமாக அது என் காதில் விழவில்லை.

முப்பத்தொன்றாவது ஆல்பம் ஒரு பெண்ணுடையது. பியானோ, அவள் குரல், அவ்வளவுதான். கீழ்க்குரல், என்னுடையதைப் போல. ஆனால் அவள் யாருக்கும் அடியில் நிற்கவில்லை, மெட்டே அவளுடையது. வார்த்தை பாதிதான் புரிந்தது. ஆறாவது பாட்டில் அவள் கீழே கீழே இறங்கி, குரல் உடைகிற இடத்தில் நிறுத்தாமல், உடைந்த குரலாலேயே அந்த வரியை முடித்தாள். எங்கள் பாடகர் குழுவில் அப்படிப் பாடினால் நடத்துநர் குச்சியால் ஸ்டாண்டைத் தட்டி நிறுத்துவார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எதிரே பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா, "இன்னாமா, ஊட்ல எதுனா பிரச்னையா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன்.

அந்த வாரத்திலேயே ஓர் அசிங்கமான காரியமும் செய்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். அதே ஆல்பத்தை இரண்டாவது முறை கேட்டுக்கொண்டிருந்தேன். ஆறாவது பாட்டு வரும் நேரம், கண் தெரியாத ஒருவர் கழுத்தில் ஸ்பீக்கர் பெட்டியை மாட்டிக்கொண்டு பெட்டிக்குள் ஏறி சினிமாப் பாட்டு பாட ஆரம்பித்தார். ஸ்பீக்கர் என் காதுக்கு இரண்டடி தூரத்தில். நான் இயர்ஃபோனைப் பிடுங்கிக்கொண்டு கத்தினேன். "கொஞ்சம் அந்தப் பக்கம் போய்த் தொலைய மாட்டீங்களா? மனுஷங்க நிம்மதியா ஒரு பாட்டு கேக்க முடியல!"

அவர் பாட்டை நிறுத்தினார். முகம் என் பக்கம் திரும்பவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பியது. "பாட்டு கேக்கத்தான் நானும் பாடறேன்மா. நீ காதுல மாட்டிக்கினு கீறது எனுக்கு எப்டி தெரியும்? வாணான்னா வாணான்னு சொல்லு. தொலைன்றியே."

பெட்டியே என்னைப் பார்த்தது. அவர் தடவிக்கொண்டே அடுத்த கதவுப் பக்கம் நகர்ந்தார். நல்ல குரல். சுருதி அந்த ஓட்டை ஸ்பீக்கரோடு துல்லியமாகச் சேர்ந்திருந்தது. இயர்ஃபோன் இல்லாமல் கேட்டபோதுதான் தெரிந்தது. போய் மன்னிப்புக் கேட்க எழுந்தேன். அதற்குள் அவர் இறங்கிக் கூட்டத்தில் போய்விட்டார். கேன்டீனில் என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள்மேல் வைத்திருந்த கோபத்தை, என்னிடம் திருப்பி எதுவும் செய்ய முடியாத ஓர் ஆள்மேல் இறக்கியிருந்தேன். பல நாள் அதை நினைத்துக் கூசினேன்.

முப்பத்தொன்றைப் பற்றி யாரிடமாவது பேசியே ஆக வேண்டும் என்று டிசைன் பிரிவு இளைஞனிடம் போனேன். "அந்த ஆறாவது பாட்டு இருக்கே..." என்று ஆரம்பித்தேன்.

அவன் தலையைச் சொறிந்தான். "அது இன்னும் கேக்கலக்கா."

"சரி, பதினாலு? அந்த மெஷின் சத்தம்?"

"அதுவும்... கேக்கணும்."

"மொத்தம் எத்தனை கேட்டிருக்க?"

"ஒரு பத்துப் பன்னெண்டு இருக்கும்க்கா. முழுசா கேட்டதுன்னா கம்மிதான். டைம் எங்க கெடைக்குது? நீங்க எத்தனை கேட்டீங்க?"

தனியாக ஒரு ரூமில் இருக்கிறான். சாப்பாடு கடையிலிருந்து வருகிறது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவனுடையது. அவனுக்கு டைம் கிடைக்கவில்லையாம். "முப்பத்தொண்ணு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். அங்கே நின்றிருந்தால் கையிலிருந்த வால்வை அவன் மேஜையில் போட்டு உடைத்திருப்பேன்.

அப்புறம்தான் வீட்டில் வெடித்தது. ஒரு சனிக்கிழமை காலை புருஷன் ஸ்டேஷன் பக்கம் போனார். போகிற போக்கில், எனக்கும் சேர்த்துப் புதுப்பித்துவிடலாம் என்று என் கைப்பையிலிருந்து சீசன் டிக்கெட்டை எடுத்துப் போயிருக்கிறார். நல்ல எண்ணம்தான். கவுன்ட்டரில் நின்றபோதுதான் அதில் போட்டிருந்த ஊரைப் பார்த்திருக்கிறார்.

திரும்பி வந்து என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த தெருவில் இருக்கும் அவர் அக்காவிடம், நான் அண்ணி என்று கூப்பிடுகிறவளிடம்தான் போயிருக்கிறார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து சாப்பிட்டு எழுந்ததும், அண்ணியும் அவள் புருஷனும் எங்கள் ஹாலில் வந்து உட்கார்ந்தார்கள். டீப்பாயின்மேல் அந்தச் சீட்டு.

அண்ணிதான் ஆரம்பித்தாள். "இன்னாடி இது? அம்பத்தூர்ல வேல, ஆவடில ஊடு. திருவள்ளூர்ல உனுக்கு இன்னா கீது?"

"ஒண்ணும் இல்ல அண்ணி."

"ஒண்ணும் இல்லாததுக்கா பாஸ் எடுத்து வெச்சிருக்க? தம்பி உன் ஆபீசுக்கு போன் போட்டுக் கேட்டிருக்கான். எக்ஸ்போர்ட்டும் இல்ல ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க."

ஆபீசுக்கு போன் போட்டிருக்கிறார். நான் புருஷனைப் பார்த்தேன். அவர் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் உள் அறையில் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பாட்டு கேக்கப் போறேன்" என்றேன்.

"யாரு பாடறாங்க அங்க?"

"யாரும் பாடல. போன்ல கேக்கறேன். ரயில்ல ஒக்காந்து கேட்டுக்கினே போறேன். முடிஞ்சதும் எறங்கித் திரும்பி வரேன்."

அண்ணியின் புருஷன் மெதுவாகச் சிரித்தார். "இங்க பாரும்மா, எதுவா இருந்தாலும் சொல்லிடு. நாங்க குடும்பம்தான். வெளிய போவாது."

நான் திருவள்ளூரில் வேறொரு ஆளைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். அழுதிருப்பார்கள், ஜெபம் பண்ணியிருப்பார்கள், பாஸ்டரைக் கூப்பிட்டிருப்பார்கள், மன்னித்தும் இருப்பார்கள். ஒரு பொம்பளை பாட்டுக் கேட்கிறதற்காக வீட்டைத் தாண்டிப் போய்த் திரும்பி வருவாள் என்பதை மட்டும் அந்த அறையில் ஒருத்தராலும் நம்ப முடியவில்லை. இருபது வருடம் என்னோடு படுத்து எழுந்தவராலும் முடியவில்லை. அதுதான் என்னைக் கொளுத்திப் போட்டது.

"சரி, ஒக்காருங்க" என்றேன். "நான் கேட்டதை நீங்களும் கேளுங்க. நாப்பத்தொரு நிமிஷம். யாரும் எழுந்திருக்கக் கூடாது, பேசக் கூடாது. கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்க, நான் எவன்கூடப் போறேன்னு."

"இன்னா பேச்சு பேசற நீ!" என்றாள் அண்ணி. புருஷன், "விடுக்கா, போடட்டும்" என்றார்.

டிவிக்குக் கீழே இருந்த ஸ்பீக்கரில் போனை இணைத்து முப்பத்தொன்றைப் போட்டேன். நான் தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். கையில் காலையில் சர்ச்சில் கொடுத்த அறிவிப்புத் தாளும் பேனாவும் இருந்தன. ஏனென்று தெரியாமல்தான் எடுத்தேன்.

முதல் பாட்டு பாதி போகும்போது அண்ணி, "இது இங்கிலீஷ் சர்ச் பாட்டாடி?" என்றாள். தாளில் ஒரு கோடு போட்டேன். இரண்டாவது பாட்டில் அண்ணியின் புருஷன், "ஃபேனைக் கொஞ்சம் ஏத்தி வையேம்மா" என்றார். இன்னொரு கோடு. மூன்றாவதில் காலிங் பெல் அடித்தது. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் அசையவில்லை. இரண்டாவது தடவை அடித்தது. "யாருன்னு பாரு" என்றார் புருஷன். நான் பார்க்கவில்லை, கோடு போட்டேன். கடைசியில் மகள் போய்த் திறந்தாள். கூரியர். "அம்மா, இது எங்க வைக்க?" கோடு. அண்ணி எழுந்து சமையலறைக்குப் போனாள். அங்கிருந்து, "டீத்தூள் எந்த டப்பாலடி?" கோடு. "சர்க்கரை?" கோடு. அவள் புருஷனின் போன் அடித்தது. அவர் எடுத்துப் பேசிக்கொண்டே வராந்தாவுக்குப் போனார். போகும்போது, "சார்ஜர் எதுனா கீதாம்மா?" கோடு.

ஆறாவது பாட்டு. அவள் குரல் கீழே இறங்கி உடைந்தது. அந்தச் சமயத்தில் புருஷன் என் பக்கம் குனிந்து, "அந்த மாத்திர இன்னிக்கு போட்டனா நானு?" என்று கேட்டார்.

கோடு போட்டேன். பேனா தாளைக் கிழித்துக்கொண்டு போயிற்று.

ஆல்பம் முடிந்தபோது ஹாலில் அவரும் நானும்தான் இருந்தோம். அண்ணி டீ டம்ளரோடு வாசற்படியில் நின்றாள். அப்புறம் அவர் சொன்னார். "இதுக்கா திருவள்ளூர் வரைக்கும் போன? வீட்டுலயே கேக்கலாமே."

தாளை அவர் மடியில் போட்டேன். "எண்ணுங்க."

"இன்னாது இது?"

"நாப்பத்தொரு நிமிஷத்துல என்னைக் கூப்பிட்டது. பேசாதீங்க, கூப்பிடாதீங்கன்னு சொல்லிட்டு ஒக்காந்தப்பவே இவ்ளோ. தெனமும் எவ்ளோன்னு நீங்களே பாத்துக்கங்க."

எண்ணினார். உதடு அசைந்தது. எட்டு. அண்ணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "நீ வூட்டுக்குப் போக்கா" என்றார். அவர் குரலில் அப்படி ஒரு சோர்வை நான் கேட்டதில்லை. அவள் டம்ளரைத் திண்டின்மேல் டொக்கென்று வைத்துவிட்டுப் போனாள். அந்த டம்ளரை அன்று நான் கழுவவில்லை.

அவர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அப்படிப்பட்டவர் இல்லை. திங்கட்கிழமை காலை ஷூ மாட்டிக்கொண்டே, "போறதுன்னா போய்ட்டு வா. நான் ஒண்ணும் சொல்லல" என்றார். பெரிய மனசு பண்ணி அனுமதி கொடுத்துவிட்டார்! "உங்களை யாரு கேட்டா?" என்றேன். அதற்கு மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை. ஆபீசுக்கு போன் போட்டதற்கு மட்டும் நான் இன்னும் அவரை விடவில்லை. கம்பெனியில் இரண்டு பேர் இப்போதும் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். அதை அவரால் துடைத்துவிட முடியுமா? சண்டை வரும்போதெல்லாம் எடுத்து வைக்கிறேன். வைப்பேன்.

சீசன் முடிந்ததும் அடுத்ததையும் திருவள்ளூருக்கே எடுத்தேன். செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் வர எட்டு மணி ஆகும் என்று சொல்லிவிட்டேன். அந்த நாட்களில் அவர் மாவு வாங்கி வந்து தோசை ஊற்றுகிறார். மகள் சட்னி அரைக்கக் கற்றுக்கொண்டாள். உப்பு ஒரு நாளும் சரியாக இருப்பதில்லை. நான் ஒன்றும் சொல்வதில்லை, சாப்பிட்டுவிடுகிறேன்.

அண்ணி சும்மா இருப்பாளா? "பாட்டுக் கேக்க ரயில்ல போறாளாம்" என்பது சர்ச் முழுக்கச் சுற்றியது. பெண்கள் பக்கத்தில் நான் போய் உட்கார்ந்தால் ஒரு சிரிப்பு ஓடும். இரண்டு மூன்று பேர் நேரிலேயே கேட்டார்கள். "உலகப் பாட்டு எதுக்கு சிஸ்டர்?" கர்த்தரைப் பாடாததெல்லாம் அவர்களுக்கு உலகப் பாட்டு. முறைப்பேன், அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை பாட்டுப் பயிற்சி முடிந்து ஸ்டாண்டுகளை மடித்துக்கொண்டிருந்தோம். மேல்குரல் பாடுகிற ஒருத்தி என் பக்கத்தில் வந்து நின்றாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். கொரட்டூரில் ஒரு துணிக்கடையில் நின்றுகொண்டே வேலை. வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள், நடமாட முடியாத மாமனார்.

"அக்கா, அவங்க சொல்றது நெஜமா? ரயில்ல போறது?"

இவளுமா என்று எனக்குச் சுறுசுறுவென்று ஏறியது. "ஆமா. அதுக்கு இன்னா இப்ப?"

"நானும் வரட்டா?" என்றாள். "பாட்டெல்லாம் வாணாக்கா. சும்மா ஒக்காந்துக்கினு வரேன்."

இப்போது வியாழக்கிழமைகளில் அவள் கொரட்டூரில் ஏறி எனக்கு இடம் போட்டு வைக்கிறாள். நான் அம்பத்தூரில் ஏறுகிறேன். இரண்டு வார்த்தை பேசுவோம். நான் காதில் மாட்டிக்கொள்வேன். திருமுல்லைவாயில் வருவதற்குள் அவள் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு தூங்கிப்போவாள். அவள் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நீலமாகத் தெரியும். ஒரு மனுஷி உட்கார்ந்து தூங்குவதற்குப் புட்லூர் வரை வர வேண்டியிருக்கிறது. எனக்கு அவளைப் பார்க்கப் பார்க்க எரியும். அவள் வீட்டில் இருப்பவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது, அவர்கள்மேலும் எரியும்.

போன வாரம் கேட்டது அறுபத்தேழாவது. பெரிய பேர் வாங்கிய ஆல்பம், ஐம்பத்திரண்டு நிமிடம். திருவள்ளூரில் வண்டி நின்று, எல்லோரும் இறங்கி, பெட்டி காலியான பிறகும் இரண்டு பாட்டு மீதியிருந்தது. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் எழுப்பவில்லை. மீதியையும் கேட்டு முடித்துவிட்டுத் தோளைத் தொட்டேன்.

பதறி எழுந்தாள். "முடிஞ்சிடுச்சா அக்கா?"

"முடிஞ்சிடுச்சு."

"நல்லாருந்துச்சா?"

"சகிக்கல" என்றேன்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த வாரம் இதைவிட நீளமா எதுனா கீதா பாருக்கா" என்றாள்.